ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்கு மாஸ்க்கும் வண்ணப் பின்னணியும்: எது சொதப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் திரை முழுக்க அப்படியே ஓடவிடாமல், கொஞ்சம் சுருக்கி, மூலைகளை வளைத்து, பின்னால் ஒரு கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் பரப்பு) வைத்து, மெல்லிசாக நிழல் கொடுத்தால் வீடியோவின் முகமே மாறிவிடும். ஆனால் செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஜூம் செய்தால் மாஸ்க்கும் (படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று வெட்டிக் காட்டும் வடிவம்) கூடவே வளரும், நிழல் வராது, மூலை கோணலாகும், எழுத்து மங்கும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: வரிசை. நீங்கள் போட்ட வேலைகளை மென்பொருள் எந்த வரிசையில் செய்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது, நீங்கள் போட்ட எண்ணில் இல்லை. நமக்கு வேண்டிய வரிசை இது: முதலில் ரெக்கார்டிங்கின் நிறமும் கிராப்பும், அப்புறம் உள்ளே நடக்கும் ஜூம், அப்புறம் மாஸ்க், அப்புறம் மொத்தத்தையும் சுருக்கி இடத்தில் வைப்பது, அப்புறம் நிழல், எல்லாவற்றுக்கும் அடியில் பின்னணி. கீழே உள்ள எந்தச் சிக்கல் வந்தாலும் ஸ்லைடரைத் திருகுவதற்கு முன் இந்த வரிசையில் எது இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

ஜூம் செய்தால் மாஸ்க்கும் சேர்ந்து பெரிதாகிறது

அதிகம் பேரை மாட்டவைப்பது இதுதான். ஒரு பட்டனைக் காட்ட உள்ளே ஜூம் போகிறீர்கள், வளைந்த மூலையுள்ள சட்டம் அப்படியே நிற்க, அதற்குள் இருக்கும் படம் மட்டும் பெரிதாக வேண்டும். ஆனால் சட்டமே பெரிதாகிப் பின்னணியை மூடிவிடுகிறது.

காரணம் எளிது. பெரும்பாலான எடிட்டர்களில் கிளிப்போடு வரும் ஸ்கேல், பொசிஷன் இரண்டும் மாஸ்க்குக்குப் பிறகுதான் கணக்கிடப்படும். அதாவது முதலில் வெட்டி, வெட்டிய துண்டைப் பெரிதாக்குகிறது. நமக்கு வேண்டியது தலைகீழ்: முதலில் பெரிதாக்கி, அப்புறம் வெட்ட வேண்டும்.

பிரீமியர் ப்ரோவில் ஒப்பாசிட்டியில் (ஒளிபுகாமை அளவு) மாஸ்க் வரைந்திருந்தால், மோஷனில் உள்ள ஸ்கேலைத் தொடாதீர்கள். எஃபெக்ட் பட்டியலில் டிரான்ஸ்ஃபார்ம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கிளிப்பில் போட்டு, ஜூமுக்கான கீஃபிரேம்களை (எந்த நேரத்தில் எந்த அளவு என்று குறிக்கும் புள்ளிகளை) அதில் வையுங்கள். இப்படிப் போடும் எஃபெக்டுகள் முதலில் நடக்கும், மோஷனும் ஒப்பாசிட்டியும் அவற்றுக்குப் பிறகுதான் வரும். அதனால் படம் மாஸ்க்குக்குள்ளேயே பெரிதாகும், சட்டம் அசையாது. அப்புறம் மொத்தத்தையும் சுருக்கி இடத்தில் வைக்க மோஷனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டிரான்ஸ்ஃபார்மில் ஷட்டர் ஆங்கிள் என்று ஒன்று இருக்கும். அதைக் கூட்டினால் ஜூம் நகரும்போது மோஷன் ப்ளர் கிடைக்கும், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

டாவின்சி ரிசால்வில் எடிட் பக்கத்தில் இருக்கும் ஜூம், ஃப்யூஷனில் (எஃபெக்டுகளை நோட் எனும் கட்டங்களாக இணைத்துச் செய்யும் பக்கம்) செய்த வேலை எல்லாம் முடிந்த பிறகு வருவது. ஆகவே ஃப்யூஷனில் மாஸ்க் போட்டுவிட்டு எடிட் பக்கத்தில் ஜூம் செய்தால் மாஸ்க் வளரத்தான் செய்யும். ஃப்யூஷனுக்குள்ளேயே மீடியாஇன்னுக்கு (ரெக்கார்டிங் உள்ளே வரும் நோட்) அடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்ம் நோட் போட்டு ஜூமை அதில் வையுங்கள், ரெக்டாங்கிள் மாஸ்க்கை, ரெக்கார்டிங்கைப் பின்னணியின் மேல் வைக்கும் மெர்ஜ் நோடின் மாஸ்க் இன்புட்டில் இணையுங்கள். மாஸ்க் பின்னணியோடு நிற்கும், படம் அதற்குள் நகரும். கூடவே இன்னொன்று: மெர்ஜிலிருந்து வெளிவரும் படத்தின் அளவைத் தீர்மானிப்பது பின்னணி நோட். ரெக்கார்டிங் 2880×1800 இருந்து பின்னணி 1920×1080 இருந்தால் நடுப்பகுதி மட்டும் தெரியும், ஓரமெல்லாம் வெளியே போயிருக்கும். பலர் இதை மாஸ்க் தப்பு என்று நினைத்து மாஸ்க்கைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மில் அளவைக் குறைத்தால் போதும்.

ஃபைனல் கட், கேப்கட் போன்றவற்றில் நேரான வழி காம்பவுண்ட் கிளிப், அதாவது கிளிப்புகளை ஒரே கிளிப்பாகக் கட்டிவைப்பது. ஜூமை மூலக் கிளிப்பில் செய்து, அதை காம்பவுண்டாக்கி, மாஸ்க்கை வெளியே காம்பவுண்டின் மேல் போடுங்கள். எந்த மென்பொருளானாலும் இந்த வழி செல்லும், மெனு பெயர் மட்டும்தான் மாறும்.

நிழல் வரவே இல்லை, அல்லது ஒரு பக்கம் அறுந்து நிற்கிறது

நிழல் எஃபெக்டைப் போட்டாயிற்று, தூரத்தைக் கூட்டியாயிற்று, அடர்த்தி நூறு, இன்னும் ஒன்றும் தெரியவில்லை. நிழல் வந்திருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு வந்த மாஸ்க் அதைத் துடைத்துவிட்டது. பிரீமியரில் ஒப்பாசிட்டி மாஸ்க்கும் டிராப் ஷேடோவும் ஒரே கிளிப்பில் இருந்தால் இதுதான் நடக்கும். கிளிப்பை நெஸ்ட் செய்து (காம்பவுண்ட் மாதிரியே, பிரீமியரில் அதன் பெயர் இது), நெஸ்டின் மேல் நிழலைப் போடுங்கள்.

நிழல் தெரிகிறது, ஆனால் நேர்கோட்டில் வெட்டுப்பட்டு நிற்கிறது என்றால் நெஸ்டின் அளவைப் பாருங்கள். நெஸ்டின் சட்டம் ரெக்கார்டிங்கின் அளவிலேயே இருந்தால் நிழல் பரவ இடமே இல்லை. நெஸ்ட் டைம்லைன் அளவில் இருக்க வேண்டும், உள்ளே ரெக்கார்டிங் சுருங்கியிருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: நிழல் எஃபெக்டே வேண்டாம். ரெக்கார்டிங்குக்கு அடியில், அதே அளவில் மூலை வளைந்த ஒரு கறுப்புச் செவ்வகம் வையுங்கள், 20 அல்லது 30 பிக்சல் கீழே தள்ளுங்கள், நன்றாக ப்ளர் செய்யுங்கள், ஒப்பாசிட்டியை 30 சதவீதம் பக்கம் கொண்டு வாருங்கள். எந்த மாஸ்க்கும் அதைத் தொடாது, எந்த எடிட்டரிலும் ஒரே மாதிரி வரும், அடுத்த வீடியோவுக்கு அப்படியே காப்பி செய்துகொள்ளலாம். கறுப்புக்குப் பதில் பின்னணியின் நிறத்தையே மிக இருட்டாக்கி வைத்தால் இன்னும் நன்றாக ஒட்டும். நீலப் பின்னணியில் சுத்தக் கறுப்பு நிழல் அழுக்காகத் தெரியும்.

மூலைகள் சரியாக வரவில்லை

இதில் மூன்று விதம் உண்டு. படிக்கட்டு மாதிரி நொறுங்கித் தெரிந்தால் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்கும் அளவு) சுழியத்தில் இருக்கிறது, அல்லது சின்ன அளவில் மாஸ்க் போட்டு அப்புறம் பெரிதாக்கியிருக்கிறீர்கள். ஃபெதரை 1 அல்லது 2 பிக்சல் வையுங்கள், அதற்கு மேல் போனால் ஓரம் புகைந்த மாதிரி ஆகிவிடும்.

மூலை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், அகலத்துக்கும் உயரத்துக்கும் வேறு வேறு ஸ்கேல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூனிஃபார்ம் ஸ்கேல் டிக் எடுபட்டிருக்கலாம், அல்லது வேறு விகிதத்தில் செய்த பிஎன்ஜி மாஸ்க்கை இழுத்துப் பொருத்தியிருக்கலாம். இழுப்பதை விட்டுவிட்டுச் சரியான அளவில் புது மாஸ்க் வரைவதுதான் வேகம்.

மேல் மூலை இரண்டும் வளைந்து கீழே இரண்டும் கூராக இருந்தால், அல்லது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால், மாஸ்க் படத்தைச் சுற்றி இல்லாமல் சட்டத்தைச் சுற்றிப் போயிருக்கிறது. 16:10 திரையில் எடுத்த ரெக்கார்டிங் 1920×1080 டைம்லைனில் 1728×1080 ஆக உட்காரும், இரு பக்கமும் 96 பிக்சல் வெறுமையாக இருக்கும். மாஸ்க்கை 1728 அகலத்துக்குக் குறுக்குங்கள்.

ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு

முதலில் மாஸ்க்கை எல்லாப் பக்கமும் 2 பிக்சல் உள்ளே தள்ளிப் பாருங்கள். போய்விட்டால் அது ரெக்கார்டிங்கிலேயே இருந்த விண்டோவின் ஓரக்கோடு, வேலை முடிந்தது. போகவில்லை என்றால், குறிப்பாக வளைவில் மட்டும் கறுப்பு விளிம்பு தெரிந்தால், ஆல்ஃபா (எந்த இடம் ஊடுருவித் தெரியும் என்ற தகவல்) சிக்கல். வேறு மென்பொருளில் மூலை வளைத்து வெளியே எடுத்த கிளிப் பிரீமல்டிப்ளைடாக (நிறம் ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கப்பட்டதாக) இருக்க, எடிட்டர் அதை ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபா (பெருக்காதது) என்று படித்துக்கொண்டிருக்கும். கிளிப்பின் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் அல்லது கிளிப் ஆட்ரிபியூட்ஸ் பகுதியில் ஆல்ஃபா வகையை மாற்றினால் விளிம்பு மறையும்.

பக்கவாட்டு இடைவெளி ஒன்று, மேல் கீழ் இடைவெளி வேறு

1920×1080 ரெக்கார்டிங்கை 85 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். 1632×918 கிடைக்கும். இடமும் வலமும் 144 பிக்சல் மிச்சம், மேலும் கீழும் 81 மட்டும். இது தப்பில்லை, கணக்கே அப்படித்தான், ஆனால் கண்ணுக்கு உறுத்தும். எல்லாப் பக்கமும் 80 பிக்சல் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் சட்டம் 1760×920 ஆக இருக்க வேண்டும். ரெக்கார்டிங்கை 91.67 சதவீதம் ஆக்கினால் அகலம் சரியாக 1760 வரும், உயரம் 990 வரும், 70 பிக்சல் அதிகம். மூலத்தில் அது சுமார் 76 பிக்சல். பிரவுசரின் டேப் வரிசையும் மேலே உள்ள மெனு பட்டையும் பொதுவாக அந்த அளவில்தான் இருக்கும், அதை மேலிருந்து கிராப் செய்துவிடுங்கள். பார்ப்பவருக்குத் தேவையில்லாத ஒன்று போகும், இடைவெளியும் சமமாகும்.

அளவு பார்க்கும்போதே வளைவையும் பாருங்கள். வெளியே ஒரு வளைந்த சட்டம், அதற்குள் இன்னொரு வளைந்த சட்டம் என்று வைத்தால், உள் வளைவின் ஆரம் வெளி வளைவின் ஆரத்திலிருந்து இடைப்பட்ட இடைவெளியைக் கழித்த அளவாக இருக்கட்டும். வெளியே 40, இடைவெளி 16 என்றால் உள்ளே 24. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் மூலையில் மட்டும் பட்டை தடித்துத் தெரியும்.

எழுத்து மங்கிவிட்டது

மூலை கொஞ்சம் கோணினால் யாரும் கவனிக்காமல் போகலாம். எழுத்து படிக்க முடியாவிட்டால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போடுவதற்கே அர்த்தம் இல்லை. அதனால் இங்கே பொறுமையாகத் தேடுங்கள்.

1080 டைம்லைனில் 1080 ரெக்கார்டிங்கை 91 சதவீதத்துக்குச் சுருக்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பிக்சல் அகலமுள்ள எழுத்தின் கால் இப்போது 0.91 பிக்சலில் உட்கார வேண்டும். முடியாது. அதனால் பக்கத்துப் பிக்சல் மேலும் கொஞ்சம் சாம்பல் பூசப்படும். அதுதான் மங்கல். இதற்கு நிரந்தரத் தீர்வு ரெக்கார்ட் செய்யும்போதே இருக்கிறது: முடிவு அளவைவிடப் பெரிதாக எடுங்கள். ரெடினா திரையில் 2880×1800 கிடைத்தால் அதை அப்படியே எடுங்கள், அல்லது 4கே திரையில் எடுங்கள். முடியாது என்றால் பிரவுசரையோ நீங்கள் காட்டும் கோட் எடிட்டரையோ 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கிவிட்டு எடுங்கள். எழுத்தின் கால் தடித்துவிட்டால் சுருக்கினாலும் தாங்கும்.

எடுத்து முடித்துவிட்டீர்கள், இனி மறுபடி எடுக்க முடியாது என்றால், டைம்லைனை 3840×2160க்கு மாற்றிவிட்டு அங்கே வேலை செய்து 4கேயிலேயே வெளியே எடுங்கள். மூலத்தில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது, ஆனால் சுருக்கும்போது போகிற நுணுக்கம் போகாமல் இருக்கும். யூடியூப் போன்ற தளங்கள் 4கே வீடியோவுக்கு அதிக பிட்ரேட் (நொடிக்கான தரவு அளவு) தருவதும் கூடுதல் லாபம்.

நெஸ்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 4கே ரெக்கார்டிங்கை 1080 நெஸ்டுக்குள் வைத்து, வெளியே நெஸ்டை 200 சதவீதம் ஜூம் செய்தால், கூடுதல் பிக்சல் எல்லாம் நெஸ்டுக்குள்ளேயே தொலைந்துபோயிருக்கும், நீங்கள் பெரிதாக்குவது வெறும் 1080 படத்தை. ஜூம் உள்ளே நடக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். பிரீமியரில் ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ் என்ற கட்டளையும் இதே மாதிரி பிக்சலைத் தின்றுவிடும், அதை எடுத்துவிட்டு ஸ்கேலைக் கையால் போடுங்கள்.

எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக விளிம்பு தெரிகிறதா? விண்டோஸின் கிளியர்டைப் எழுத்தைக் கூர்மையாக்க நிறப் புள்ளிகளைப் பயன்படுத்துகிறது. திரையில் அது தெரியாது, வீடியோவில் ஜூம் செய்தால் பளிச்சென்று தெரியும். ரெக்கார்ட் செய்யும்போது மட்டும் அதை அணைத்துவையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து நன்றாக இருந்து, சிவப்பு எழுத்து மட்டும் கரைந்து தெரிந்தால் அது 4:2:0 என்ற நிறச் சேமிப்பு முறை செய்யும் வேலை. அந்த முறையில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவில்தான் சேமிக்கப்படும். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் அட்வான்ஸ்ட் பகுதியில் கலர் ஃபார்மேட்டை என்வி12இலிருந்து ஐ444க்கு மாற்றினால் மூலப் பதிவில் சரியாகும். ஆனால் எல்லா எடிட்டரும் அந்தக் கோப்பைத் திறக்காது, அரை நிமிடம் எடுத்துச் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

கிரேடியன்டில் பட்டை பட்டையாகக் கோடு

8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். பின்னணி 20 என்ற இருண்ட நீலத்திலிருந்து 60 வரை 1920 பிக்சல் அகலத்தில் பரவுகிறது என்றால், 40 படிகளை 1920 பிக்சலில் விரிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் 48 பிக்சல் அகலப் பட்டை. அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா?

மேலே மெல்லிசாக நாய்ஸ் அல்லது ஃபிலிம் கிரெயின் போடுங்கள், ஒன்றிரண்டு சதவீதம் போதும், பட்டைகளின் எல்லை கலைந்துவிடும். பிட்ரேட் குறைவாக இருந்தால் என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) அந்த நாய்ஸைத் துடைத்துவிட்டுப் பட்டையைத் திரும்பக் கொண்டுவரும், அதனால் பிட்ரேட்டையும் கூட்டுங்கள். 10 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் உங்கள் கணினியில் பிரமாதமாக இருக்கும். ஏற்றும் தளம் அதை 8 பிட்டாக மாற்றினால் பட்டை மறுபடி வரும், ஆகவே நாய்ஸை விட்டுவிடாதீர்கள். இருண்ட நிறங்களுக்குள்ளேயே சுற்றாமல் இரண்டு முனை நிறங்களுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவதும் நல்லது.

பின்னணி ரெக்கார்டிங்கை விழுங்குகிறது

வெள்ளை விண்டோவை வெளிர் பின்னணியில் வைத்தால் ஓரமே தெரியாது. ஒரு பிக்சல் ஓரக்கோடு, கறுப்பில் 10 முதல் 15 சதவீத ஒப்பாசிட்டியில் போடுங்கள். இருண்ட விண்டோ என்றால் அதே கோடு வெள்ளையில். நிறம் தேர்ந்தெடுக்கும்போது காட்டப்போகும் ஆப்பின் முக்கிய நிறத்தையே எடுத்து, அதன் செறிவைக் குறைத்து வைப்பது கிட்டத்தட்ட எப்போதும் கைகொடுக்கும். பளபளக்கும் ஊதாவும் ஆரஞ்சும் சேர்ந்த, சதா அசைந்துகொண்டே இருக்கும் பின்னணி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கர்சர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டிய கண் பின்னணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அசையாத பின்னணியாக இருந்தால் அதை ஒரு படமாகச் சேமித்து டைம்லைனில் போடுங்கள், பிளேபேக் திக்குவதும் அதோடு குறையும்.

வெள்ளை சாம்பலாக, கறுப்பு வெளுத்து

முழு வீச்சில் 0 முதல் 255 வரையும், வீடியோ வீச்சில் 16 முதல் 235 வரையும் ஒளி அளவைக் குறிக்கும் எண்கள் இருக்கும். ரெக்கார்டர் ஒன்றில் எழுதி எடிட்டர் இன்னொன்றில் படித்தால் வெளுக்கும், அல்லது இருட்டில் உள்ளதெல்லாம் கறுப்பாக அமுங்கும். ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டேட்டா லெவல்ஸை வீடியோ, ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள், இரண்டில் ஒன்று சரியாக இருக்கும். கலர் கரெக்‌ஷனால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். லெவல்ஸ் மாற்றுவதையும் ரெக்கார்டிங் கிளிப்பில் மட்டும் செய்யுங்கள், நெஸ்டில் செய்தால் நிழலும் மாறும்.

மறைத்த பகுதி ஒரு நொடி எட்டிப்பார்க்கிறது

மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர் என்று எதையாவது மாஸ்க் போட்டு ப்ளர் செய்திருப்பீர்கள். பக்கம் ஸ்க்ரோல் ஆகும்போது மாஸ்க் ஒரு ஃபிரேம் பின்தங்கும், அந்த ஒரு ஃபிரேமில் யாராவது நிறுத்திப் படிக்கலாம். மாஸ்க் நகரும் இடங்களை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள், தொடக்கத்தையும் முடிவையும் ஐந்து ஃபிரேம் தாராளமாக நீட்டுங்கள், அகலத்தையும் கூட்டுங்கள். இந்த மாஸ்க் ஜூமுக்கு உள்ளே, ரெக்கார்டிங்கோடு ஒட்டி இருக்க வேண்டும், வெளியே போட்டால் ஜூம் ஆனதும் மறைத்த இடம் நகர்ந்து வெளியே வந்துவிடும்.

அப்புறம், ரகசியமான எழுத்துக்கு ப்ளரோ மொசைக்கோ போதாது. மொசைக் போட்ட எழுத்தை எழுத்துருவோடு ஒப்பிட்டுக் கணித்து எடுக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. முழு அடர்த்தியில் ஒரே நிறக் கட்டத்தை வைத்து மூடுங்கள். பின்னணியின் நிறத்தையே அந்தக் கட்டத்துக்கும் கொடுத்தால் திட்டமிட்டுச் செய்த மாதிரி அழகாகவே இருக்கும்.

நேரம் போகப்போக ஒலியும் படமும் பிரிகின்றன

போனில் எடுத்த ரெக்கார்டிங்குகளில் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, திரை அசையாதபோது குறையும், அசையும்போது கூடும். எடிட்டர் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால் ஒலி விலகும். டைம்லைனில் சேர்ப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், தரத்தை உயரத்தில் வையுங்கள். எடிட் முடித்த பிறகு மாற்றினால் வைத்த கீஃபிரேம் எல்லாம் இடம் தவறும்.

எக்ஸ்போர்ட் செய்ததும் வளைந்த மூலையில் கறுப்பு

பின்னணி இல்லாமல், மூலை வளைந்த ரெக்கார்டிங்கை மட்டும் வேறு இடத்தில் பயன்படுத்த எடுக்கிறீர்கள், மூலைகளில் கறுப்பு வருகிறது. வழக்கமாக நாம் எக்ஸ்போர்ட் செய்யும் எச்.264 எம்பி4 கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமில்லை. புரோரெஸ் 4444இல் எடுங்கள், எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஆல்ஃபா டிக் இருந்தால் அதையும் போடுங்கள். புரோரெஸ் 422இல் ஆல்ஃபா கிடையாது, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கை தவறிவிடும். இணையப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் விபி9 வெப்எம் ஆல்ஃபாவைத் தாங்கும், ஆனால் சஃபாரியில் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.